நலம் நாடுவோம்: மருந்தின் வலிமையும் ஓர் அமானிதமே

 

நீலகிரியில் வாழும் நம் வாசகர்களுக்கு மழை என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. ஆடியில் கூடலூரிலும் ஐப்பசியில் குன்னூரிலும் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் உலர்வதில்லை. அரை ஈரத்துடனேயே கைலியும் பாவாடையும் உடுத்தப்படுகின்றன. தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள், இடுப்பைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்குள்ளும் ரப்பர் காலணிக்குள்ளும் ஈரத்தோடு பகல் முழுவதையும் கழிக்கின்றனர். பாவாடை நாடா அழுந்தும் இடத்தில், தொடையிடுக்கில், மார்பின் அடியில் ஒரு நாள் அரிப்பெடுக்கிறது. பார்த்தால், வட்டமாகச் சிவந்த ஒரு தடிப்பு. படர்தாமரை!

அடுத்து நடப்பது நம்மில் பெரும்பாலோர் வீடுகளில் ஒன்றேதான். வந்திருக்கும் இடம் சொல்லக் கூச்சமான இடம். ஆகவே மருத்துவரிடம் போவதில்லை. மகனிடம் பணத்தைக் கொடுத்து, "கடையில் அரிப்புக்கு ஒரு களிம்பு வாங்கி வா" என்று அனுப்புகிறோம். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குகிறது. நான்காம் நாள் சிவப்பும் மங்குகிறது. குழாயை மூடி வைத்துவிடுகிறோம். அடுத்த மாதம் அதே வட்டம் இரு மடங்காக விரிந்து வருகிறது. வீட்டுக்காரருக்கும் வருகிறது, பிள்ளைகளுக்கும் வருகிறது. "இப்போதெல்லாம் மருந்தே போலி" என்று சலித்துக்கொள்கிறோம்.

மருந்து போலியா, அல்லது நாம் அதைப் பயன்படுத்திய முறை போலியா? இம்மாதம் இந்தக் கேள்வியையே சிந்திப்போம்.

பூஞ்சைக்கு மருந்துகள் ஏன் குறைவு?

படர்தாமரையை உண்டாக்குவது பூஞ்சை என்னும் நுண்ணுயிர். ரொட்டியில் பூக்கும் பூசணமும், காலிடையில் வரும் சேற்றுப்புண்ணும், குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படியும் மாவும் இந்த இனத்தின் வேலைகளே. பாக்டீரியாக் கிருமிகளுக்கு மருந்துகள் பல உண்டு. ஆனால் பூஞ்சைக்கு உள்ள மருந்துக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம், பூஞ்சையின் உயிரணு அமைப்பில் நம் உயிரணுவை மிகவும் ஒத்திருக்கிறது. அதை அழிக்கும் நஞ்சு நம்மையும் தாக்கும். இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாடு ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் பெரும்பாலான மருந்துகள் வேலை செய்கின்றன. நம் உயிரணுவின் மேலுறையில் கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சையின் மேலுறையில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. அந்த எர்கோஸ்டிராலை உருவாக விடாமல் தடுத்தால் பூஞ்சை மடியும். ஃபுளுகோனசோல், இட்ரகோனசோல், வோரிகோனசோல் போன்ற 'அசோல்' குடும்பத்து மருந்துகளும், டெர்பினாஃபின் என்னும் மருந்தும் இந்த வழியில் செயல்படுபவை. வழி ஒன்றே, தடுக்கும் படிதான் வேறு.

இத்தகைய மருந்தைக் கண்டுபிடிப்பது எத்தனை அரிது என்பதற்கு ஒரு வரலாறு சொல்வோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநில அரசு ஆய்வகங்களில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரு பெண்மணிகள் பணியாற்றினர். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். ஹேசன் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, அவை பூஞ்சையைக் கொல்கின்றனவா என்று சோதித்து, சாடிகளில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரௌன் அவற்றிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்து எடுத்துத் திருப்பி அனுப்புவார். இப்படி எத்தனையோ மண் மாதிரிகளைச் சலித்த பின்னரே, 1950ஆம் ஆண்டில் 'நிஸ்டாட்டின்' உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் உரிமைத் தொகையாக வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணத்தில் தமக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளாமல், அறிவியல் ஆராய்ச்சிக்கே அவ்விருவரும் கொடுத்துவிட்டனர். அவர்கள் மனித குலத்துக்குக் கொடுத்துச் சென்றது அது. அத்தகைய செல்வத்தை நாம் எப்படிச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி.

அரைகுறை மருந்து, முழுமையான கேடு

ஒரு வட்டத் தடிப்பில் கணக்கற்ற பூஞ்சை இழைகள் உள்ளன. அவை எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. மருந்து பட்டதும் எளியவை முதலில் மடிகின்றன. வலியவை சில எஞ்சுகின்றன. நாம் நான்காம் நாள் குழாயை மூடிவிட்டால், எஞ்சிய வலியவற்றுக்கு நிலம் முழுவதும் காலி! அவை பெருகுகின்றன, அவற்றின் சந்ததியும் அதே வலிமையோடு பிறக்கிறது. அடுத்த முறை அதே மருந்து பூசினால் அவை அசைவதில்லை. இதைத்தான் மருந்து எதிர்ப்புத் திறன் என்கிறோம். எதிர்ப்புத் திறன் பெறுவது நோயாளியின் உடல் அன்று, கிருமி. அதனால்தான் அது ஒருவரோடு நிற்பதில்லை. துவாலையில் ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்கும் போகிறது.

கடைக் களிம்பில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. பூஞ்சை மருந்தோடு, பாக்டீரியா மருந்தும், குளோபீட்டசோல் போன்ற வலிமை மிக்க ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் நம் நாட்டில் பெருமளவில் விற்றுள்ளன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும். ஆனால் பூஞ்சையை எதிர்க்க வேண்டிய தோலின் காவலையும் அதுவே அடக்கிவிடும். வெளியே ஆறியது போலத் தோன்ற, உள்ளே பூஞ்சை பரவுகிறது. நாளடைவில் தோல் மெலிந்து, ஆறாத வரித் தழும்புகள் விழுகின்றன. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, நம் பழக்கம் மாறியதா?

விளைவைப் பாருங்கள். அதே 2018ஆம் ஆண்டில் டெல்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த ஒரு வகைப் படர்தாமரைப் பூஞ்சையின் மாதிரிகளில் 32 சதவீதம் டெர்பினாஃபினுக்குப் பணியவில்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியரிடமும் நேபாளியரிடமும் இருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டு இதனைத் தனி இனமாக வகுத்து, 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டனர். பெயரிலேயே நம் நாடு ஏறிவிட்டது! 2023இல் நியூயார்க்கில் இரு பெண்களிடம் இது கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. அவர்களுள் ஒருவர் வெளிநாடு எதற்கும் போகாதவர்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

"எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று முன்பே அறிய வழி இல்லையா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. வழி இருக்கிறது. அதற்கு மருந்து உணர்திறன் சோதனை என்று பெயர்.

முதற்படி மிக எளியது. வட்டத்தின் ஓரத்திலிருந்து தோல் செதிலைச் சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நூல் போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சைதான். வலியில்லை, செலவும் அதிகமில்லை. தடிப்பு எல்லாம் படர்தாமரை அல்ல என்பதால், இந்த ஒரு படியே பல வீண் மருந்துகளைத் தவிர்த்துவிடும்.

அடுத்து அச்செதிலை ஊட்டப் பொருளில் இட்டு வளர்க்கிறார்கள். தோல் பூஞ்சை சோம்பேறி. வளர இரண்டு முதல் நான்கு வாரங்கள் கூட எடுத்துக்கொள்ளும். வளர்ந்த பின் தொடங்குவதே உணர்திறன் சோதனை. பணியாரச் சட்டியில் குழிகள் இருப்பது போல, 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. முதல் குழியில் மருந்து மிகுதியாக இருக்கும். இரண்டாவதில் அதில் பாதி. மூன்றாவதில் அதிலும் பாதி. இப்படியே குறைந்துகொண்டு போகும். கடைசியில் மருந்தே இல்லாத ஒரு குழியும் உண்டு. எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு பூஞ்சையை விட்டு, குறித்த வெப்பத்தில் வைக்கிறார்கள். காண்டிடா என்னும் வகைக்கு ஒரு நாள் போதும். படர்தாமரை வகைக்கு நான்கு நாட்களோ அதற்கு மேலோ வேண்டும். பின்னர் பார்த்தால், மருந்து மிகுந்த குழிகள் தெளிந்திருக்கும். மருந்து குறைந்தவை கலங்கியிருக்கும். எந்தக் குழி வரை தெளிவு இருக்கிறதோ, அதுவே வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு. அந்த எண் சிறிதானால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். எண் பெரிதானால், நம் உடல் தாங்கும் அளவு மருந்து கொடுத்தும் பயனிருக்காது.

சொல்வது எளிது. ஆனால் ஊட்டப் பொருள், வெப்பம், பூஞ்சையின் அளவு ஆகியவற்றில் சிறிது மாறினாலும் விடை மாறிவிடும். ஓர் ஆய்வகம் 'கேட்கும்' என்றதை இன்னோர் ஆய்வகம் 'கேட்காது' என்ற காலமும் இருந்தது. பல ஆய்வகங்கள் ஒரே மாதிரியைப் பகிர்ந்து சோதித்து, ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்ட பின்னரே, காண்டிடா போன்ற ஈஸ்டு வகைகளுக்கு ஒரு பொது முறை 1997இல் அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்டது. இழைப் பூஞ்சைகளுக்கு 2002 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தச் சோதனை ஜோதிடமும் அன்று. 'கேட்கும்' என்று முடிவு வந்த நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூறு குணமாகின்றன. 'கேட்காது' என்று வந்தவற்றிலும் அறுபது வரை குணமாகக் கூடும் என்பது இத்துறையினர் அனுபவத்தில் வகுத்த பொதுக் கணக்கு. உடலின் எதிர்ப்பாற்றலும் தன் பங்கைச் செய்கிறது அல்லவா?

தேயிலைச் சரிவின் மண்ணில்

இதுவரை நம் தோலைப் பற்றிப் பேசினோம். இனி, நாம் நடக்கும் மண்ணைப் பார்ப்போம். ஏனெனில் பூஞ்சை மருந்து மருந்துக் கடையில் மட்டும் இல்லை. தோட்டத்து மருந்துத் தெளிப்பானிலும் இருக்கிறது.

தேயிலைக்கும் பூஞ்சை நோய் உண்டு. கொப்புள நோய் என்று தோட்டத்தார் அறிந்த அந்நோய், வடகிழக்கு இந்தியாவில் நெடுங்காலம் இருந்து, 1946ஆம் ஆண்டில் தென்னாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. மேகம் மூடிய ஈரநாட்களில், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நாம் பறிக்கும் அந்த இளங்கொழுந்தையே அது தாக்கும். முதலில் தாமிர மருந்துகள் தெளிக்கப்பட்டன. பின்னர் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் போன்றவை வந்தன. பெயரின் முடிவைக் கவனியுங்கள்! இவையும் அசோல் குடும்பமே. நம் நுரையீரல் நோய்க்குத் தரும் வோரிகோனசோலுக்கு இவை உறவு. தாமிரம் பூஞ்சையைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால், அதற்கு எதிர்ப்பு எளிதில் உருவாவதில்லை. அசோலோ ஒரே இடத்தைத்தான் தாக்கும். அந்த ஓரிடம் மாறிவிட்டால் மருந்து தோற்றுவிடும்.

கொப்புள நோய்ப் பூஞ்சை மனிதரைத் தொடுவதில்லை. ஆனால் இலைக்குத் தெளித்த மருந்து மண்ணிலும் விழுகிறது. அம்மண்ணில், மட்கிய சருகுகளிடையே, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற வேறொரு பூஞ்சை வாழ்கிறது. அதன் நுண்துகள்களை நாம் எல்லோரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நலமுள்ள நுரையீரல் அவற்றை வெளியேற்றிவிடும். காசநோய் வந்து ஆறிய தழும்புள்ள நுரையீரலில், நெடுநாள் ஸ்டீராய்டு உண்பவரிடத்தில், புற்றுநோய் மருந்து ஏற்பவரிடத்தில் அது குடியேறிவிடும். அப்போது உயிர் காக்க முன்னிற்பவை அசோல் மருந்துகளே.

நெதர்லாந்து நாட்டில், அசோல் மருந்தை ஒரு நாளும் உண்ணாத நோயாளிகளிடமே அசோலுக்குப் பணியாத ஆஸ்பர்ஜில்லஸைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தனர். எதிர்ப்பு உடலில் உருவாகவில்லை; வயலிலேயே உருவாகி, காற்றில் வந்து சேர்ந்தது என்ற முடிவுக்குச் சான்றுகள் இட்டுச் சென்றன. நம் நாட்டிலும் இதைத் தேடினார் டெல்லிப் பல்கலைக்கழகத்து வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி. அவரும் அவர் குழுவினரும் நெதர்லாந்து அறிஞர்களோடு இணைந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நம் கவனத்துக்குரியது. வயல், தோட்டம், மருத்துவமனைக் காற்று எனப் பல இடங்களில் இருந்து எடுத்த ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரிகளில் 44, அதாவது 7 சதவீதம், அசோல்களை எதிர்த்து நின்றன. அவை கிடைத்த விகிதம் எங்கே மிக அதிகம் தெரியுமா? தேயிலைத் தோட்ட மண்ணில், 33 சதவீதம். மருத்துவமனைப் பூந்தொட்டி மண்ணில் 20. நெல் வயலில் சுமார் 12. அந்தப் பூஞ்சைகள் மனிதருக்கான மூன்று அசோல்களையும் எதிர்த்தன. வயலுக்கான ஆறு அசோல்களையும் எதிர்த்தன.

இதனால் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட வேண்டாம்! தேநீர் அருந்துவதால் இந்நோய் வருவதில்லை. மருந்து தெளிக்கும் சிறு விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமன்று. கொப்புள நோய் விட்டுவைக்காத கொழுந்தே அவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஆனால் தேவை இல்லாத நாளில் தெளிப்பதையும், சொன்ன அளவை மீறுவதையும், ஆண்டு முழுவதும் ஒரே குடும்பத்து மருந்தையே பிடித்துக்கொள்வதையும் அவர் தவிர்க்க முடியும். தாமிரத்தோடு மாற்றி மாற்றித் தெளிப்பது பயிருக்கும் நல்லது. பக்கத்து வீட்டு நோயாளிக்கும் நல்லது.

நாம் செய்யக் கூடியவை

மண்ணிலும் மேனியிலும் நடப்பது ஒன்றே. அளவும் காலமும் அறியாமல் செலவழித்த மருந்து, அடுத்தவருக்கு இல்லாமல் போகிறது. நம் வீட்டளவில் நாம் காக்கக் கூடியதைக் காப்போம்.

ஒளூவில் கால் விரல்களின் இடையே கோதிக் கழுவுவது சுன்னத் என்பதை நாம் அறிவோம். கழுவிய பின் அவ்விடத்தைத் துடைத்து உலர்த்திக்கொண்டால் சேற்றுப்புண்ணுக்கு இடமிராது. ஈரக் காலோடு உடனே காலுறை அணிய வேண்டாம். பள்ளிவாசலில் எல்லோரும் ஒரே துவாலையில் முகம் துடைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அவரவர் கைக்குட்டையை வைத்துக்கொள்வோம். மதரஸாப் பிள்ளைகள் தொப்பியையும் சீப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டாம். தலைமுடி ஈரமாக இருக்கையில் முக்காட்டை இறுக்கிக் கட்டாமல், உலர்ந்த பின் கட்டுங்கள். மழைக்காலத்தில் உள்ளாடைகளையேனும் இஸ்திரி போட்டு உலர்த்தி அணியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

வட்டம் தோன்றிவிட்டால், மருத்துவர் சீட்டு இல்லாமல் களிம்பு வாங்காதீர்கள். வாங்கிய களிம்பின் பெயரில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே பூசிய பழைய குழாய்களை வெட்கப்படாமல் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அவற்றைப் பார்த்தே மருத்துவர் பாதி நோயை அறிவார். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்துகொள்ளுங்கள். ஒருவர் மட்டும் குணமானால் மற்றவரிடம் இருந்து மீண்டும் வரும். தடிப்பு மறைந்தாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்த வேண்டாம். முறைப்படி செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், "தோலைச் சுரண்டிப் பார்க்கலாமா? மருந்து உணர்திறன் சோதனை தேவையா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்டுவிட்டது. மலையை விட்டு இறங்குமுன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு சொல். நம் கூச்சம் நம் அணிகலன், அதில் ஐயமில்லை. ஆனால் நோயை மறைக்கும் கூச்சம் பூஞ்சைக்கே அரண். மருத்துவத்தின் தேவைக்காக, தேவையான அளவு காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் மருத்துவர் கிடைக்குமிடத்தில் அவரிடம் செல்லுங்கள். கடைக்கு மகனை அனுப்பும் அந்த ஒரு மணி நேரத்தில், ஓர் அம்மா தன் மகளையோ மருமகளையோ கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமே!

மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வீண் விரயத்தைக் கண்டித்த மார்க்கமும் நம்முடையதே. நாம் பாதியில் மூடி வைக்கும் அந்தச் சிறு குழாயில் இருப்பது நம் காசுக்கு வாங்கிய பொருள் மட்டுமல்ல. அதன் வலிமை மற்றவர்களுக்கும் உரியது. யாரோ ஒரு காசநோயாளியின் மூச்சு, எங்கோ ஒரு குழந்தையின் உயிர் அதை நம்பி இருக்கிறது. அந்த அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.